“நீயே பால் கொடுக்கல, நீ என்னத்த சொல்லிக் கொடுப்ப?”

கரூர் பக்கமிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 32. பி.காம். படித்தவர். ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. 37 வாரத்தில் சிசேரியன் ஆகி, 2.4 கிலோ எடையில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று குழந்தையை இரண்டு நாள் தனியே வைத்து, பாட்டிலில் பவுடர் பால் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் கைக்கு வந்த குழந்தை, மார்பில் வாய் வைத்ததும் முதுகை வில்லாக வளைத்து அழுதிருக்கிறது. காம்பு வெடிப்பு, பால் கட்டு, காய்ச்சல். மாமியார் பூண்டும் சுறாப்புட்டும் செய்து போட்டதோடு, “எங்க வீட்டுல யாருக்கும் பால் வத்துனதே இல்ல” என்றும் சொல்லியிருக்கிறார். ஆபீஸ் தோழி பம்ப் வாங்கித் தந்தார். நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் வலியோடு, மூன்றரை மாதம் பம்ப் செய்துவிட்டு நிறுத்திவிட்டார். ஐந்தாம் மாதம் வேறு எதற்கோ ரத்தப் பரிசோதனை செய்தபோதுதான் தைராய்டு குறைவு என்று தெரிந்தது.

குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது, நன்றாக இருக்கிறாள். அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. “என்னைப் போல இன்னொருத்தி அழக் கூடாது, தாய்ப்பால் ஆலோசகர் ஆகப்போகிறேன்” என்கிறார். மூன்று நாள் ஆன்லைன் பயிற்சிக்கு முன்பணம் கட்டியாயிற்று. வேலையை விடலாமா என்று கேட்கிறார். நாத்தனார் இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கித் தர, பால் பாட்டில் கம்பெனி ஒன்று இப்போதே ‘கொலாப்’ (சேர்ந்து விளம்பரம்) கேட்கிறதாம். பெற்ற அம்மா சொன்னதைத்தான் மேலே தலைப்பாக வைத்திருக்கிறேன்.

அன்புள்ள தங்கைக்கு,

பிரசவ வார்டில் 14 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, பிறகு முழுநேரப் பாலூட்டல் ஆலோசகர் ஆனவள் நான். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, இந்த வேலைக்கு ஆசைப்படுகிறவரின் கடிதமாக. இரண்டாம் தடவை, என்னிடம் வந்திருக்க வேண்டிய ஒரு தாயின் கடிதமாக. அந்தத் தாய்க்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் முயற்சி செய்யாததால் பால் குறையவில்லை. பிறந்த முதல் சில நாளில், குழந்தை சப்பினாலோ கையால் பீய்ச்சி எடுத்தாலோதான் ‘இங்கே தேவை இருக்கிறது’ என்று உடம்புக்குத் தெரியும். குழந்தை இரண்டு நாள் வேறு அறையில் இருந்தபோது, உங்கள் படுக்கைக்கு வந்து சீம்பாலைக் கையால் எடுத்துக் காட்ட யாரும் இல்லை. பிறகு நாளைக்கு மூன்று முறை பம்ப். குழந்தை நேரடியாகக் குடிக்காதபோது, தொடக்க வாரங்களில் இரவையும் சேர்த்து எட்டு முறைக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். அதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை. இதற்கெல்லாம் அடியில் கண்டுபிடிக்கப்படாத தைராய்டு குறைவு. அது மட்டும் இருந்தாலே பால் சுரப்பு குறையக்கூடும். பூண்டும் சுறாவும் நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள். தைராய்டு ஹார்மோன் செய்கிற வேலையை அவை செய்யாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது கொஞ்சம் கசக்கும். குழந்தைக்குப் பவுடர் பால் கொடுத்த டாக்டரை ‘என் பாலைத் திருடியவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 37 வாரத்தில் 2.4 கிலோவில் பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை இறங்குவது விளையாட்டில்லை. தாய்ப்பால் கிடைத்தும் சர்க்கரை ஏறாத குழந்தைக்கு, தற்காலிகமாக மாற்றுப் பால் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனமே தன் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்தப் பால் உங்கள் மகளின் மூளையைக் காப்பாற்றியிருக்கக்கூடும். தப்பு வேறு இடத்தில் நடந்தது: உங்கள் பாலை எடுக்க யாரும் கற்றுத்தரவில்லை, பால் புகட்டும் மூக்குக் கிண்ணமான பாலாடை இருக்கும்போது பாட்டிலை எடுத்தார்கள். நம் பாட்டிமார் சங்கிலும் பாலாடையிலும் புகட்டினார்கள். அந்தப் பாலாடை இன்றைக்கு அதே பெயரோடு பச்சிளங்குழந்தை மருத்துவத்தின் ஆங்கிலக் கட்டுரைகளில் இருக்கிறது. குறைமாதக் குழந்தைக்குப் புகட்ட அது கைகண்ட பாத்திரம். நம்மூர் ஆஸ்பத்திரியிலேயே அதை மறந்துவிட்டோம் என்பது என் தனிப்பட்ட ஆதங்கம்.

டாக்டர் கொடுத்தது தவறில்லை, கூட இருந்தவர்கள் கற்றுக்கொடுக்காமல் விட்டதுதான் தவறு. இந்த வித்தியாசம் மனதுக்குள் இறங்காமல் ஆலோசகர் ஆனால் என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி.

வேலைக்கு வந்த புதிதில் எனக்கு ஒரே வெறி: என் வார்டில் பவுடர் பால் டப்பா நுழையக் கூடாது. பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி, பல யூனிட் ரத்தம் ஏற்றிய ஒரு பெண்ணுக்கு நான்காம் நாளும் பால் இறங்கவில்லை. “போடப் போடத்தான் வரும், விடாம போடும்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர் ஒன்பதாம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிறந்த எடையைவிட 400 கிராம் குறைவு. அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது குழந்தை. அதிக ரத்தப்போக்கால் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்படுவதை ஷீஹன் பாதிப்பு என்பார்கள். பால் இறங்காமல் இருப்பது அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று. அந்த அம்மாவுக்கு அதுதான். விடாமல் போட்டாலும் வராது. குழந்தை பிழைத்துக்கொண்டது. எடை போடாமல் அறிவுரை சொல்லும் பழக்கம் எனக்கு அன்றோடு போயிற்று.

“எந்தத் தாயையும் பவுடர் பால் கொடுக்க விடமாட்டேன்” என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது அந்தக் குழந்தைதான் கண்முன் வந்தது.

அம்மா சொன்னது சரியா?

இல்லை. ஐ.பி.சி.எல்.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படுகிற, உலகம் முழுக்க ஏற்கப்படும் பாலூட்டல் ஆலோசகர் தகுதிக்கு, சொந்தமாகப் பால் கொடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. ஆண்களும் இந்தத் தேர்வை எழுதலாம்.

அதே சமயம், ‘நான் பட்டிருக்கிறேன், அதனால் எனக்குத் தெரியும்’ என்பதும் சரியில்லை. உங்களுக்குத் தெரிந்தது ஒரு ஜோடி மார்பு, ஒரு குழந்தை. அடுத்து வருபவருக்குக் காம்பு உள்வாங்கியிருக்கலாம், குழந்தைக்கு நாக்கின் அடிச்சவ்வு ஒட்டியிருக்கலாம், இரட்டைக் குழந்தையாக இருக்கலாம், மார்பில் முன்பே அறுவை சிகிச்சை நடந்திருக்கலாம். பால் வழிய வழிய இருந்து, குழந்தைக்கு மூச்சு முட்டுகிற பிரச்சினையோடுகூட வருவார்கள். உங்கள் கதை உதவுகிற ஒரே இடம், அவர் அழும்போது நீங்கள் பதறாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. அதுவும் உங்கள் கதையைச் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது.

இந்தத் தொழில் பிறந்ததே தாய்மார்களிடமிருந்து என்பதையும் உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். 1956-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஏழு அம்மாக்கள் ஒரு வீட்டு வரவேற்பறையில் கூடி ஆரம்பித்ததுதான் லா லெச்சே லீக் என்கிற தாய்ப்பால் ஆதரவு அமைப்பு. அதன் ஆதரவோடு 1985-இல் வந்ததுதான் இந்தத் தகுதித் தேர்வை நடத்தும் சர்வதேச வாரியம். அந்த அம்மாக்கள் ‘எங்களுக்கு அனுபவம் இருக்கிறது, போதும்’ என்று நின்றுவிடவில்லை. தேர்வு வைத்தார்கள்.

இந்த வேலை எப்படி இருக்கும்?

ஒரு வீட்டுக்குப் போனால் முதல் கால்மணி நேரம் நான் குழந்தையைத் தொடமாட்டேன். அம்மாவின் தோளைப் பார்ப்பேன், காதை ஒட்டி ஏறியிருக்கிறதா என்று. கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, மார்பைக் குழந்தையிடம் கொண்டு போகிறாரா, குழந்தையை மார்பிடம் கொண்டு வருகிறாரா? குழந்தையின் கன்னம் குழிகிறதா? ‘டக் டக்’கென்று நாக்குச் சத்தம் வருகிறதா, இல்லை இரண்டு மூன்று சப்பலுக்கு ஒருமுறை ‘க்ஹ்’ என்று மெல்ல விழுங்கும் சத்தமா? வாயை எடுத்ததும் காம்பு உருண்டையாக இருக்கிறதா, புது லிப்ஸ்டிக் முனைபோலச் சாய்வாக நசுங்கியிருக்கிறதா? நசுங்கியிருந்தால் வெடிப்புக்குக் களிம்பு தேட வேண்டியதில்லை, பிடிக்கும் கோணத்தை மாற்ற வேண்டும். பிறகு தராசு. குடிப்பதற்கு முன் ஓர் எடை, பின் ஓர் எடை. எத்தனை முறை ஒன்றுக்குப் போனது, மலம் கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு எந்த நாள் மாறியது என்ற கணக்கு.

இதற்கிடையில் பாட்டி ஒருவர், “கழுதைப்பால் ஒரு சங்கு ஊத்துனா சரியாயிடும்” என்பார். தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வருகிறவரும் அந்த நேரம் பார்த்துத்தான் குரல் கொடுப்பார். பாட்டியிடம் சண்டை போட்டால் நீங்கள் வெளியே வந்த பத்தாவது நிமிடம் சங்கு வந்துவிடும். பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து, குழந்தை விழுங்கும் சத்தத்தை அவரையே எண்ணச் சொல்வேன். நான் போன பிறகு அந்த வீட்டுக் காவல்காரர் அவர்தான்.

எந்தப் படிப்பு?

மூன்று நாள் பயிற்சியை முடித்துவிட்டு ‘சர்ட்டிஃபைடு’ என்று போட்டுக்கொள்ளலாம். இந்தியாவில் மருத்துவருக்கும் செவிலியருக்கும் இருப்பதுபோல் இதற்கெனத் தனிக் கவுன்சில் இல்லாததால், யாரும் வந்து தடுக்கப்போவதில்லை. அதனால்தான் நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். ஒரு குழந்தை நீர்வற்றி ஆஸ்பத்திரிக்குப் போனால் ‘உங்கள் தகுதி என்ன?’ என்ற கேள்வி வரும். அப்போது மூன்று நாள் சான்றிதழை எடுத்து நீட்ட முடியாது. முன்பணம் திரும்பக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள், அறிமுகம் என்ற அளவில்.

நான் சொல்லும் முதல் படி, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 1993-இல் வகுத்த 40 மணி நேரப் பாலூட்டல் ஆலோசனைப் பயிற்சியைத் தழுவி நடக்கும் பயிற்சிகளில் ஒன்று. தாய்ப்பாலூட்டலை ஊக்குவிக்கும் பி.பி.என்.ஐ. என்கிற அமைப்பு 1991 முதல் இந்தியாவில் இயங்குகிறது. அவர்களும் பயிற்சி நடத்துகிறார்கள், பால்மாவு கம்பெனிப் பணம் தொடுவதில்லை. எந்தப் பயிற்சியில் சேர்ந்தாலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: ஸ்பான்சர் யார்?

அடுத்தது ஐ.பி.சி.எல்.சி. உங்களைப் போல மருத்துவப் பின்னணி இல்லாதவர்களுக்கு இது நீண்ட பாதை. உடற்கூறியல், உடலியங்கியல், ஊட்டச்சத்து, குழந்தை வளர்ச்சி, தொற்றுத் தடுப்பு என்று 14 அடிப்படைப் பாடங்கள். பாலூட்டல் குறித்து 95 மணி நேரப் படிப்பு, அதில் 5 மணி நேரம் பேச்சுத் திறனுக்கு. பிறகு நேரடி அனுபவம். தகுதி பெற்ற ஓர் ஆலோசகரின் கண்காணிப்பில் கற்றால் 500 மணி நேரம். அங்கீகரிக்கப்பட்ட தாய்மார் ஆதரவு அமைப்பின் ஆலோசகராகவோ மருத்துவத் துறையிலோ இருந்து சேர்த்தால் 1000 மணி நேரம். கடைசியில் 175 கேள்விகள் கொண்ட தேர்வு. தேறினாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விதிமுறைகளை வாரியம் அவ்வப்போது மாற்றும், கட்டணமும் நாட்டுக்கு நாடு வேறு. பயிற்சி விற்கிறவர் சொல்வதை நம்பாமல் வாரியத்தின் நடப்புக் கையேட்டைப் படியுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர், அடிக்குறிப்பைப் படிக்கும் பழக்கம் இருக்கும்.

இதில் சிக்கல் பணம் அல்ல, அந்த 500 மணி நேரம்தான். உங்கள் பக்கத்தில் வழிகாட்ட ஒரு ஐ.பி.சி.எல்.சி. கிடைப்பாரா என்று முதலில் தேடுங்கள். கோவை, திருச்சி வரை போக வேண்டியிருக்கலாம்.

வேலையை விடலாமா?

இப்போது வேண்டாம். சனி, ஞாயிறு சேர்த்து வாரம் 10 மணி நேரம் கிடைத்தாலே 500 மணி நேரம் 50 வாரத்தில் முடிந்துவிடும். படிப்பையும் சேர்த்தால் இரண்டு, இரண்டரை வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் இந்த வேலைக்கு ஆள் எடுத்தால் பெரும்பாலும் நர்ஸிங் படித்தவரைத்தான் கேட்பார்கள். நீங்கள் வீடு வீடாகப் போகும் ஆலோசகராகத்தான் தொடங்குவீர்கள். அதில் ஒரு மாதம் ஃபோன் ஓயாது, அடுத்த மாதம் அடிக்கவே அடிக்காது. மாதச் சம்பளம் இருக்கும்வரைதான், ‘உங்களுக்கு நான் தேவையில்லை, டாக்டரிடம் போங்கள்’ என்று தைரியமாகச் சொல்ல முடியும். இரண்டாவது விசிட்டுக்கான கட்டணம் வாடகைக்குத் தேவைப்படும்போது அந்த வாக்கியம் தொண்டையில் நிற்கும்.

தேவை இல்லாமல் போகாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். உங்களைப் போலவே தையலோடு படுத்துக்கொண்டு, குழந்தை எங்கே என்று கேட்கிற பெண்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்.

பாட்டில் கம்பெனி ‘கொலாப்’

உடனே மறுத்துவிடுங்கள். இது நல்லெண்ண யோசனை மட்டுமல்ல, சட்டம். குழந்தைப் பால் மாற்றுப்பொருள், பால் பாட்டில், குழந்தை உணவு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம், 2003-இல் இன்னும் இறுக்கப்பட்டது. இவற்றுக்கு யாரும் விளம்பரம் செய்யக் கூடாது, விளம்பரத்தில் பங்கேற்கவும் கூடாது. ‘நாங்கள் பவுடர் விற்கவில்லை, பாட்டில்தானே’ என்று அவர்கள் சொல்லக்கூடும். பாட்டிலும் அதே வரிசையில்தான் இருக்கிறது. மீறினால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தாய்க்கும் சேய்க்கும் சுகாதாரப் பணி செய்கிற எவருக்கும் கம்பெனி பரிசு, பண ஊக்கம் தருவதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. நாத்தனாருக்கு இது தெரிந்திருக்காது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

நீங்கள் மருத்துவர் ஆகப்போவதில்லை. பால் கூட்டும் மாத்திரையை எழுதித் தரக் கூடாது, ‘அக்கா, எனக்கு இது கேட்டது’ என்று பெயரைச் சொல்வதும் கூடாது. நாக்கின் சவ்வை வெட்டலாமா என்று தீர்மானிப்பது உங்கள் வேலையில்லை. பிறந்த எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்த குழந்தை, பாலுக்கு எழாமல் தூங்கும் குழந்தை, மஞ்சள் காமாலை கால் வரை இறங்கிய குழந்தை, காய்ச்சலோடு மார்பு சிவந்து கெட்டிப்பட்ட தாய், இவர்களை அன்றே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். ‘இந்தக் குழந்தையைத் தூக்கவே பிடிக்கல’ என்று சொல்லும் தாயையும் அப்படித்தான். மனநலத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

அந்த எண்ணை உங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒன்றரை வருடம் கழித்தும் பம்ப் சத்தம் கனவில் வருகிறது, பஸ் ஸ்டாண்டு பாலூட்டும் அறையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பயிற்சிக்குச் சேரும் முன் இதை ஒரு மனநல ஆலோசகரிடம் பேசிவிடுங்கள். தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், மன பாரத்தில் அதற்கும் பங்கு உண்டு.

உங்களுக்கு நீங்களே வைத்துக்கொள்ள ஒரு சோதனை சொல்கிறேன். ஆறு வாரக் குழந்தையோடு ஒருத்தி வந்து, “போதும்க்கா, என்னால முடியல, நிறுத்தணும்” என்கிறாள். எல்லா வழியையும் எடுத்துச் சொல்லிவிட்டீர்கள், அவள் யோசித்துத்தான் சொல்கிறாள். அவளைக் குற்றவாளியாக்காமல், ஒரே நாளில் நிறுத்தினால் பால் கட்டிக்கொள்ளும் என்று விளக்கி, ஒவ்வொரு வேளையாகக் குறைப்பது எப்படி, பவுடர் பாலுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்து அளவு மாறாமல் கலப்பது எப்படி என்று சொல்லித்தந்து அனுப்ப உங்களால் முடியுமா? முடியும் என்றால் கிளம்புங்கள். ‘இன்னும் முடியாது’ என்றால், கொஞ்ச நாள் பொறுத்துக் கிளம்புங்கள்.

கடிதத்தின் கடைசியில், பரணில் கிடக்கும் பம்பைத் தெரிந்தவருக்குக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். ஒருவர் பயன்பாட்டுக்கென்று விற்கப்படும் பம்பை மற்றவர் போடுவது சுத்தமில்லை. இறக்கித் துடைத்து வையுங்கள், படிக்கும்போது பிரித்துப் பூட்டிப் பழக உதவும். மார்பில் வைக்கும் புனலைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் 24 என்றோ 28 என்றோ அளவு பொறித்திருக்கும். அது மில்லிமீட்டர். காம்பின் அகலத்துக்கு ஏற்ப அது மாற வேண்டும், பொருந்தாவிட்டால் ஒவ்வொரு முறையும் வலிக்கும், பாலும் குறைவாகத்தான் வரும். பெட்டியோடு வந்ததை அப்படியே போட்டிருப்பீர்கள். அளந்து பார்த்துச் சொல்லத்தான் அங்கே யாரும் இல்லை.